பெயர் ஒன்று, புலவர் பலர்

மலேசிய ரிங்கிட் தாளில் அச்சிட்டிருக்கும் திருவுருவம் யாருடையது என்று தோட்டப்பள்ளி மாணவனைக் கேட்டால், பெரும்பாலும் ‘நாட்டின் முதற் பிரதமர்’ என்றே விடை வரும். பெரியவர்களுள்ளும் அவ்வாறு கூறுவோர் உளர். அவ்வுருவம் முதற் பிரதமருடையதன்று. அது முதல் மாமன்னராய் 1957 முதல் 1960 வரை வீற்றிருந்த நெகிரி செம்பிலான் அரசர் துவாங்கு அப்துல் ரஹ்மானுடையது. முதற் பிரதமர் கெடா அரச குடும்பத்தவரான துங்கு அப்துல் ரஹ்மான். இருவரும் ஒரே காலத்தவர். ஒரே நாளில் விடுதலை பெற்ற ஒரே நாட்டின் தலைமையில் இருந்தவர்கள். இயற்பெயரும் ஒன்று. சிறப்புப் பெயரோ ஓரெழுத்தளவே வேறுபடுவது. படமும் ஏடும் வானொலியும் இருந்த காலத்து மனிதர் இருவரை அறுபது, எழுபது ஆண்டுகளுக்குள் மக்கள் ஒருவராக்கி விடுகின்றனர் என்றால், ஓலையும் கல்லுமே சான்றாக நிற்கும் இரண்டாயிரம் ஆண்டுத் தமிழ்ப் புலவர் வரலாற்றில் என்னென்ன நேர்ந்திருக்கும்!

நேர்ந்தவற்றுள் தலையாயது அவ்வையார் செய்தி. அவ்வை என்பது இயற்பெயர் போல வழங்கினும், உண்மையில் தாய், முதியவள், வணங்கத்தக்கவள் என்னும் பொருள்தரும் மதிப்புச் சொல்லே. மதிப்புச் சொல் ஒருவர்க்கே உரியதாய் நில்லாது. எந்தக் காலத்தும் எந்த ஊரும் தான் போற்றும் மூதாட்டியை அவ்வாறு அழைக்கலாம். அங்ஙனம் அழைக்கப்பட்ட பலரும் பாடினர். பாடியவர் பலராக, பெயர் ஒன்றாக, பிற்காலத்தார் ஆளையும் ஒன்றாக்கினர்.

சங்கத் தொகை நூல்களில் அவ்வையார் பாடியனவாக ஐம்பத்தொன்பது பாட்டுகள் உள்ளன. அவற்றுள் முப்பத்து மூன்று புறநானூற்றில் அமைந்தவை. அதியமான் நெடுமானஞ்சியின் நாளோலக்கத்திலும் போர்க்களத்திலும் கள் நிறைந்த கலத்தருகிலும் நின்று பாடியவர் அவர். தொண்டைமானிடம் தூது சென்று, அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் புகழ்வது போலப் பழித்துத் திரும்பியவர். புறநானூற்றின் 89ஆம் பாட்டை ஆசிரியன்மார் மீண்டும் ஒருமுறை படித்தல் வேண்டும். அதில் பகைவேந்தன் பாடினியை விளித்து வினவும் சொற்களில், அணி பூண்டு மை தீட்டிய கண்ணுடைய இளம் விறலியே தோன்றுகிறாள். கோலூன்றிய கிழவி அங்கே இல்லை. கூனலும் நரையும் கைத்தடியும் நம் மனத்திற்கு எங்கிருந்து வந்தன? பிற்காலக் கதைகளிலிருந்து வந்தன. அக்கதைகளையெல்லாம் ஒரு மாலையாகத் தொடுத்து 1953இல் ஜெமினி நிறுவனத்தார் ‘ஔவையார்’ படத்தை வெளியிட்ட பின், கே. பி. சுந்தராம்பாளின் கணீரென்ற குரலும் திருநீற்று நெற்றியுமே அவ்வையின் உருவம் என்று தமிழுலகம் முடிவு கட்டிவிட்டது. படம் நல்ல படம். பாட்டும் நல்ல பாட்டு. ஆனால் அது வரலாறு அன்று என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியர்களே.

நல்வழி பாடிய அவ்வையை எடுத்துக்கொள்வோம். அந்நூலின் இறுதி வெண்பா திருக்குறளையும், தேவார மூவர் தமிழையும், திருக்கோவையாரையும், திருவாசகத்தையும், திருமூலர் சொல்லையும் ஒருங்கே வைத்து எண்ணுகிறது. மூவருள் அப்பரும் சம்பந்தரும் 7ஆம் நூற்றாண்டினர். சுந்தரரும் மாணிக்கவாசகரும் அவர்க்குப் பின்னவர். எனவே அவ்வெண்பாவைப் பாடியவர் அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவராதல் இயலுமா? ஒரு பாட்டே போதிய சான்றாக நின்று இரு அவ்வையரைப் பிரித்துக் காட்டுகிறது. ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை ஆகியவற்றின் சொல்லும் நடையும் சங்கச் செய்யுளினின்றும் எத்துணைத் தொலைவு என்பது, இரண்டையும் வாய்விட்டுப் படித்த எவர்க்கும் விளங்கும். விநாயகர் அகவலோ யோக நெறி பேசுவது; அதன் உலகமே வேறு.

இங்கே நம் முன்னோரின் சாதுரியம் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். காலம் இடிக்கிறதே என்னும் ஐயம் அவர்களுக்கும் எழுந்திருக்கிறது. அதற்கு விடையாக அந்த நெல்லிக்கனியையே பயன்படுத்திக்கொண்டனர். சாவா மருந்தனைய கனியை உண்டவர் ஆதலின் அதியமான் காலம் தொட்டுக் கம்பர் காலம் வரை வாழ்ந்தார் என்றனர்! கதை என்ற அளவில் இதனினும் அழகிய விடை கிடையாது. ஆராய்ச்சி என்ற அளவில் இது விடையே அன்று.

இதனால் என்ன இழப்பு என்று சிலர் கேட்கலாம். பாட்டு இருக்கிறது, பொருள் இருக்கிறது, பாடியவர் ஒருவராயினென், பலராயினென் என்பது அவர் வாதம். பழந்தமிழகத்தில் அரசவையில் சரிநிகராய் அமர்ந்த பாடினி ஒருத்தி. பல நூற்றாண்டு கழித்துச் சிறுவர்க்கு அகரவரிசையில் அறம் தொகுத்த ஆசிரியை ஒருத்தி. யோக நெறி நின்ற சிவநெறிச் செல்வி ஒருத்தி. இத்தனை பெண்பாற் புலவரை நாம் ஒரே கிழவியாகச் சுருக்கிவிட்டோம். தமிழில் பெயர் தெரிந்த பழைய பெண்புலவர் தொகை அப்படியொன்றும் பெரிதன்று. இருக்கின்ற சிலரையும் ஒன்றாக அடைத்து வைப்பது சிறிய இழப்பன்று. ஆத்திசூடி நம் தொடக்கப்பள்ளிப் பாடத்தில் இன்றும் இருக்கின்றது. அதனைக் கற்பிக்கும் நாளில் நெல்லிக்கனிக் கதையைச் சொல்லி முடிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

சங்கச் சான்றோர் பெயர்களைத் தாங்கிய பிற்காலத்தார் வேறு பலரும் உளர். பதினோராம் திருமுறையில் கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார், கல்லாடதேவ நாயனார், நக்கீரதேவ நாயனார் ஆகியோர் நூல்கள் உள. அந்தாதியும் இரட்டைமணிமாலையுமாக அமைந்த இவற்றின் யாப்பே இவை பிற்காலத்தன என்று சொல்லிவிடும். கபிலதேவர் மூத்த நாயனாராகிய விநாயகரைப் பாடுகின்றார். பாரியின் நண்பர் கபிலர் பாட்டுகளில் அக்கடவுளுக்கு இடமே இல்லை. இதனை நீட்டிக்க வேண்டுவதில்லை. ஆயின் ஒன்று கருதத்தக்கது. பத்துப்பாட்டின் முதற்பாட்டாகிய திருமுருகாற்றுப்படை அதே பதினோராம் திருமுறையில் நக்கீரதேவர் நூல்களுள் ஒன்றாகவும் வைக்கப்பட்டுள்ளது. ஆகவே பெயரால் ஆளை ஒன்றாக்கும் பழக்கம் நம் காலத்து அவசரத்தால் வந்ததன்று. திருமுறை தொகுத்த காலத்திலேயே அது வேரூன்றிவிட்டது.

பழந்தொகை செய்தோர் இவ்விடரை அறியாதவரல்லர். ஒரே பெயருடையார் பலர் இருந்தமையால் ஊரையும் தொழிலையும் தந்தை பெயரையும் உறுப்பையும் சேர்த்தே எழுதினர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றெல்லாம் வரும் நெடும்பெயர்களின் காரணம் இதுவே. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு மூன்று முனியாண்டிகள் வந்து நின்ற காலத்தில், கிராணியார் அப்பன் பெயரையோ லயத்தையோ சேர்த்துக் கூப்பிட்டதும் இந்த முறைதான். பெயரறியாப் புலவர்க்குப் பாட்டில் வந்த தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார் என்று வழங்கியதும் ஏட்டில் தெளிவு வேண்டியே.

அத்தெளிவும் சில வேளை ஏமாற்றும். பெருந்தேவனார் செய்தி அத்தகையது. தொகை நூல்கள் சிலவற்றிற்குக் கடவுள் வாழ்த்துப் பாடியவரைப் பிற பெருந்தேவனாரினின்றும் பிரித்தறியப் ‘பாரதம் பாடிய பெருந்தேவனார்’ என்று அடைகொடுத்தனர். நல்லது. பிறகு 9ஆம் நூற்றாண்டில், தெள்ளாற்றுப் போரில் வென்ற மூன்றாம் நந்திவர்மன் காலத்தில், மற்றொரு பெருந்தேவனார் தோன்றினார். அவரும் பாரதமே பாடினார்! பாரத வெண்பா என்னும் அந்நூலின் ஒரு பகுதி நமக்குக் கிடைத்துள்ளது. பிரிப்பதற்கென்று கட்டிய வேலியே இருவரையும் ஒரு தொழுவில் அடைத்துவிட்டது. போதாக்குறைக்கு வீரசோழியத்திற்கு உரை வகுத்தவரும் பெருந்தேவனாரே. வீரசோழியம் 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் காலத்தது. ஆதலின் உரைகாரர் மூன்றாமவர் என்பதில் ஐயமில்லை.

புலவர் நிலை இதுவாக, அரசர் நிலை இன்னும் சிக்கலானது. புலவர்க்குப் பெயர் தற்செயலாய் ஒன்றுபட்டது; அரசரோ விரும்பியே ஒரே பெயரைப் புனைந்தனர். பிற்காலச் சோழர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை ஒருவர் விட்டு ஒருவர் மாறி மாறிச் சூடினர். விசயாலயன் பரகேசரி, முதல் ஆதித்தன் இராசகேசரி, முதற் பராந்தகன் பரகேசரி என்றிவ்வாறு அது சென்றது. முதலாம் இராசராசன் இராசகேசரி. அவன் மகன் கடாரம் கொண்ட இராசேந்திரன் பரகேசரி. பாண்டியர்க்கும் மாறவர்மன், சடையவர்மன் என்று இவ்வகை இரு பட்டங்கள் இருந்தன.

ரந்தாவ் வட்டாரத்து வாசகர்க்கு இம்முறை புதிதன்று. அண்மையிலுள்ள ரெம்பாவில் உண்டாங் பதவி இரு கிளையாரிடையே மாறி வருவது மரபு. ஒரு கிளையிலிருந்து வருபவர் டத்தோ செடியா ராஜா என்றும், மறு கிளையிலிருந்து வருபவர் டத்தோ லேலா மகாராஜா என்றும் பட்டம் பெறுவர். ஆண்டு குறிக்காமல் ‘ரெம்பாவ் லேலா மகாராஜா கூறினார்’ என்று ஒரு பழைய தாளில் எழுதியிருந்தால், அவர் எந்த லேலா மகாராஜா என்று எப்படி அறிவது? சோழர் கல்வெட்டாராய்ச்சியின் இடர்ப்பாடும் இதுவே. ‘கோவிராசகேசரி பன்மர்க்கு யாண்டு ஐந்து’ என்று மட்டும் ஒரு கல் சொன்னால், அக்கோ முதல் ஆதித்தனாகவும் இருக்கலாம், கண்டராதித்தனாகவும் சுந்தர சோழனாகவும் இருக்கலாம், இராசராசனாகவும் இருக்கலாம். எழுத்தின் வடிவையும், கல்லில் வரும் அதிகாரிகள், தேவியர் பெயர்களையும், கொடை நடந்த கோயிலின் காலத்தையும் வைத்துத்தான் துணிய வேண்டும். ‘மதுரை கொண்ட இராசகேசரி’ என்று வரும் கல்வெட்டுகள் கண்டராதித்தனுடையனவா, சுந்தர சோழனுடையனவா என்பது அறிஞரிடையே நெடுநாள் வழக்கு. இராசராசன் தன் வெற்றிகளை மெய்க்கீர்த்தியாக அமைத்துக் கல்லில் பொறிக்கச் செய்த பின்னரே இவ்விருள் பெரும்பாலும் நீங்கியது. மெய்க்கீர்த்தியைப் புகழ்ச்சி என்று ஒதுக்குவோர் இந்நன்றியை மறத்தல் ஆகாது.

அரசன் பெயரைப் புலவன் ஏற்பதும் உண்டு. தொண்டை மண்டலத்திற்குச் சயங்கொண்ட சோழ மண்டலம் என்னும் பெயர், சயங்கொண்ட சோழன் என்ற முதலாம் இராசராசன் விருதினால் வந்தது. கலிங்கத்துப்பரணி பாடியவரோ சயங்கொண்டார். அவர் பாடியது முதற் குலோத்துங்கனை. பெரிய புராணம் செய்த சேக்கிழார் நிலை இதனினும் நயமுடையது. சேக்கிழார் என்பது குடிப்பெயர். அவர் இயற்பெயர் அருண்மொழித்தேவர். இராசராசனின் இளமைப் பெயரும் அருண்மொழியே. அவர் சோழனிடம் பெற்ற பட்டம் உத்தமசோழப் பல்லவராயன் என்று சேக்கிழார் புராணம் கூறும். அரசன் ஒருவன் பெயர், மற்றோர் அரசன் பெயர், பழைய அரச மரபின் பெயர் ஆகிய மூன்றும் ஒரு தொண்டைநாட்டு வேளாண் புலவர்மேல் வந்து தங்கின. இவற்றுள் எந்தப் பெயரைக் கல்லிற் கண்டாலும் ‘இதோ சேக்கிழார்’ என்று துள்ளுவதும் தவறு, ‘இதோ அரசன்’ என்று துள்ளுவதும் தவறு.

பள்ளிக்கூடத்தில் அடிக்கடி காணும் பிழை ஒன்று. ஒட்டக்கூத்தர் இராசராசசோழன் உலா பாடினார் என்று படித்த மாணவன், தஞ்சைப் பெரியகோயில் எடுத்த இராசராசன் அவையில் கூத்தரைக் கொண்டுபோய் அமர்த்திவிடுவான். கோயில் எடுத்தவன் 1014இல் மறைந்தான். கூத்தர் பாடிய இரண்டாம் இராசராசன் அரசியலுக்கு வந்தது 1146இல். இடையில் நூற்றுமுப்பது ஆண்டு. கவிச்சக்கரவர்த்தி என்னும் பட்டமும் கூத்தர் ஒருவர்க்கே உரியதன்று. சயங்கொண்டாருக்கும் கம்பருக்கும் அது வழங்குகிறது. ‘கவிச்சக்கரவர்த்தி பாடினார்’ என்ற தொடர் தனித்து நின்றால் மூவருள் யாரைக் கொள்வது?

இது தமிழர்க்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணற்க. பாரசீகத்திலும் இதே கதைதான். கசனியில் மகமூது ஆண்ட நாளில், அதாவது நம் இராசேந்திரன் கடாரத்தின்மேல் கலம் செலுத்திய அதே தலைமுறையில், உன்சூரி என்னும் புலவர் ‘புலவர் வேந்தர்’ என்று பொருள்படும் மாலிக்குஷ் ஷுஅரா பட்டம் பெற்றார். பிற்காலத்தில் அதே பட்டத்தை அக்பர் அவையில் பைசியும் பெற்றார். நிசாமுல் முல்க் என்பது 11ஆம் நூற்றாண்டுச் செல்சூக்கிய அமைச்சரும் அரசியல் நூலாசிரியருமான ஒருவரின் விருது. ஐதராபாத்து நிசாம்களின் பெயரும் அவ்விருதின் வழியில் வந்ததே. காக்கானி தம்மை ஆதரித்த காக்கான் பெயரையே புனைபெயராக்கிக்கொண்டார். குலிஸ்தான் செய்த சஅதியின் புனைபெயர் பார்சு நாட்டு அரசகுலத்துச் சஅது என்பவர் பெயரால் வந்தது. எந்தச் சஅது? பாட்டனும் சஅது, பேரனும் சஅது! அங்கும் அறிஞர் இருகட்சியாய் நின்று வழக்காடினர்.

மீண்டும் தமிழகத்திற்கு வருவோம். பெயரை நம்பி ஆளைத் துணிவதன் இடர் குலசேகரர் செய்தியில் நன்கு விளங்கும். பெருமாள் திருமொழி பாடிய குலசேகராழ்வார் தம்மைக் கொல்லிக்கும் கூடலுக்கும் கோழிக்கும் தலைவராகக் கூறிக்கொள்கிறார். முகுந்தமாலை என்னும் வடமொழித் துதியும் அவர் பெயரில் வழங்குகிறது. தபதீசம்வரணம், சுபத்திராதனஞ்சயம் என்னும் வடமொழி நாடகங்களைச் செய்தவரும் குலசேகரவர்மன் என்னும் சேர அரசரே. இனி, 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட தாணு இரவியைக் குலசேகரன் என்பர். 12ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மகோதயபுரத்தின் இறுதி அரசன் இராம குலசேகரன். வேணாட்டிலே இரவிவர்ம குலசேகரன். 1268இல் பட்டமேறிய மாறவர்ம குலசேகரனோ பாண்டியன். குலத்திற்கு முடிபோன்றவன் என்னும் பொருளுடைய இச்சொல்லை எந்தக் குலத்து எந்த அரசன்தான் வேண்டாமென்பான்? ஆகவே ஆழ்வாரும் நாடக ஆசிரியரும் ஒருவரே எனச் சாதிப்போர் பெயரொற்றுமையை முதற்சான்றாக வைத்தல் பொருந்தாது. முதலில் காலத்தையும் நூற்பொருளையும் கொண்டு நிறுவுக. பெயர் கடைசியில் வந்து கையொப்பம் இடட்டும்.

இதற்கு மறுதலையான குற்றமும் ஒன்றுண்டு. அண்மைக் காலத்தில் அது பெருகி வருகிறது. பொருள் வேறுபட்டவிடமெல்லாம் ஆளை வேறாக்குவது. அவ்வையார் இருவரா, மூவரா, அறுவரா என்று எண்ணிக்கையை ஏலம்போல ஏற்றிக்கொண்டே போகின்றனர். மெல்லிய குறிஞ்சிக் காதலைப் பாடியவரும், பாரி இறந்தபின் பறம்பை நோக்கிக் கண்ணீர் விட்டவரும், பதிற்றுப்பத்தில் சேரனைப் புகழ்ந்தவரும் ஒரே கபிலர். பொருள் வேறு என்பதால் அவரை மூவராக்கலாமா? குயில்பாட்டையும் ‘இந்தியா’ இதழின் அரசியற் கட்டுரையையும் ஒருவரே எழுதினார் என்று, காலமறியாத பிற்காலத்தான் நம்புவானா? பிரிப்பதற்கு யாப்பு, சொல்வழக்கு, உடன்காலத்தார் பெயர், பிற நூல் மேற்கோள் என்னும் புறச்சான்றும் அகச்சான்றும் வேண்டும். இல்லையேல் பிரிப்பும் சேர்ப்பைப் போலவே வெறும் ஊகம்.

உரையாசிரியர் உலகில் பெயரே அற்றுப்போய்ப் பட்டம் மட்டும் எஞ்சிய நிலையும் காண்கிறோம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரைகண்ட சேனாவரையர் பெயர் படைத்தலைவர்க்குரியது. பேராசிரியர் என்பார் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் பின்னான்கு இயல்களுக்கு உரை வகுத்தார். திருக்கோவையார்க்கு உரை செய்தவரும் பேராசிரியர். குறுந்தொகைக்கு உரை எழுதியவராக நச்சினார்க்கினியர் காலத்தார் அறிந்தவரும் பேராசிரியர். இவர்கள் எத்தனை பேர் என்பதை உரைநடையின் ஒற்றுமை வேற்றுமை கொண்டே ஆராய வேண்டியிருக்கிறது. இயற்பெயர் எதுவும் நம் கைக்கு வரவில்லை.

நம் காலத்தையும் இது விடவில்லை. பண்டிதமணி என்றால் தமிழகத்தார் மகிபாலன்பட்டிக் கதிரேசனாரை நினைப்பர், யாழ்ப்பாணத்தார் சி. கணபதிப்பிள்ளையை நினைப்பர். பாரதி என்னும் பட்டம் கோபாலகிருட்டிண பாரதிக்கும், சுப்பிரமணிய பாரதிக்கும், சோமசுந்தர பாரதிக்கும், சுத்தானந்த பாரதிக்கும் உரியது. நாவலர் என்னும் பட்டம் நிலைமையோ எல்லாவற்றினும் கொடிது. 1849இல் திருவாவடுதுறை ஆதீனத்தார் யாழ்ப்பாணத்து ஆறுமுகருக்கு அதனை அளித்தனர். பின்னர்ச் சோமசுந்தர பாரதியாரும் நாவலர், ந. மு. வேங்கடசாமி நாட்டாரும் நாவலர். அரசியல் மேடையில் நெடுஞ்செழியனும் நாவலர். முதலாமவர் சைவத்திற்கே வாழ்ந்தவர். இறுதியில் நின்றவர் பகுத்தறிவு இயக்கத்தவர். இருவர்க்கும் திருக்குறளில் தொடர்புண்டு. ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டில் பரிமேலழகர் உரையை ஆய்ந்து பதிப்பித்தார். நெடுஞ்செழியன் தாமே குறளுக்குத் தெளிவுரை வரைந்தார். இந்நிலையில் பயிற்சிக் கட்டுரைகளில் ‘நாவலர் உரைப்படி’ என்று மட்டும் எழுதி மேலே செல்லும் வழக்கம் மாணவரிடமும், அவர்க்குக் கையேடு ஆக்குவோரிடமும் இருந்து வருகிறது. ஆறுமுக நாவலர் பதிப்பில் உள்ள உரை நாவலருடையதே அன்று, பரிமேலழகருடையது. ‘எந்த நாவலர்?’ என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதித் திருப்பிக் கொடுத்தால், மாணவன் தேடிப்போய் மூன்று பேரைக் கண்டுபிடித்து வருவான்.